ரொம்ப ஸ்ட்ரிக்ட்

பிப்ரவரி 28, சனி

பிளஸ் டூ பெண்களுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தாயிற்று. கொடுத்த அரை மணியில் இரண்டு பேர் தொலைத்துவிட்டு அழுதார்கள். ஒன்று தலையணை உறைக்குள் இருந்தது, ஒன்று சாமி படத்துக்குப் பின்னால். எல்லாவற்றையும் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சமையல் தெய்வானை முட்டை வேகவைக்கிறேன் பேர்வழி என்று பாதியை உடைத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பரீட்சை. முழங்கால் வலி.

மார்ச் 1, ஞாயிறு

பரீட்சைக்கு முன் பெற்றோர் வந்து பார்க்கும் கடைசி நாள். காலையிலிருந்து ஹாஸ்டல் கேட்டில் தேர்க்கூட்டம். ஒவ்வொரு தகப்பனும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்க்க வருகிறார். "மேடம், நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுன்னு கேள்விப்பட்டுத்தானுங்க இங்க சேர்த்தோம். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுப் போடுங்க." இத்தனை பேர் தோலையும் உரித்து நான் எங்கே காயப்போடுவது?

இந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் சோறு போடுகிறது. நான் வார்டன் வேலைக்கு வந்தபோது கரஸ்பாண்டென்ட் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்ட்ரிக்ட்டா இருப்பீங்களாம்மா?" இருப்பேன் என்றேன். என்ன படித்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. கண்டிப்பானவள் என்று தமிழில் சொன்னால் சிடுமூஞ்சி என்று அர்த்தமாகிவிடும். அதையே ஸ்ட்ரிக்ட் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கௌரவம், நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். காபியில் சர்க்கரை போடாதவரும் ஸ்ட்ரிக்ட், சஷ்டிக்குத் தண்ணீர் குடிக்காதவரும் ஸ்ட்ரிக்ட், மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாதவரும் ஸ்ட்ரிக்ட். நானும் ஸ்ட்ரிக்ட். பெண்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் சிசிடிவி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன கழுதைகள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் மாற்றிப் பேசினார். ஆத்தூர்ப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், பூபதி என்று பெயர். சுபிக்ஷாவின் அப்பா. "மேடம், பாப்பாவைக் கொஞ்சம் லூசா விடுங்க. மார்க்கு வந்தா வருது, வராட்டிப் போவுது. சிரிச்சுட்டு இருந்தாப் போதும்" என்கிறார். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்குகிற பெண்ணுக்கு இப்படி ஒரு அப்பா. வெளித் தின்பண்டம் கூடாது என்று போர்டே மாட்டியிருக்கிறோம், இவர் ஒரு பை நிறையக் கடலை மிட்டாயோடு வருகிறார். பிடுங்கி வைத்தேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. கேட்டதற்கு, "நைட் ட்ரிப்புங்க, தூக்கமில்லை" என்றார்.

மற்ற தகப்பன்மார் எல்லாம் ஃபார்முலா கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன விஷயம் என்று கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். கடலை மிட்டாயைச் சாயங்காலம் படிப்பு நேரத்தில் உடைத்து எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டேன். வைத்திருந்தால் எறும்பு வரும், அதனால்தான்.

மார்ச் 3, செவ்வாய்

தமிழ். எல்லாரும் நன்றாக எழுதியதாகச் சொல்கிறார்கள். தமிழுக்கு அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச் 6, வெள்ளி

நேற்று ஆங்கிலம் முடிந்தது. இன்று மத்தியானம் சுபிக்ஷாவின் தாய்மாமன் லோகநாதன் வந்தார். பெண்ணைக் கூப்பிட வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு என்னை கேட்டுக்கு வெளியே வரச் சொன்னார்.

பூபதிக்கு ஈரல் கெட்டுவிட்டதாம். புதன்கிழமை பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. "புள்ளைக்குத் தெரியக் கூடாதுங்க மேடம். தெரிஞ்சா பரீட்சை போச்சு. மச்சான் பொழைச்சாலும் சரி, இல்லீன்னாலும் சரி, இருவத்தி மூணாந்தேதி கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம். அக்காளும் ஒத்துக்கிச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஸ்ட்ரிக்ட்டுங்கறதாலதான் நிம்மதியாப் போறேன். வேற எடமா இருந்தா எவளாவது உளறிப்புடுவா."

சரி என்றேன். இது ஒன்றும் புதிதில்லை. போன வருடமும் ஒரு பெண்ணின் அம்மா பரீட்சை நடுவில் தவறிவிட்டார். கடைசிப் பரீட்சை முடிந்து வந்த பெண்ணிடம் கேட்டில் வைத்துத்தான் சொன்னார்கள். அதற்குள் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. நல்ல மார்க் வாங்கினாள்.

மார்ச் 7, சனி

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். ஒவ்வொரு ஞாயிறும் என் அறையில் வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று நிமிடம் வீட்டுக்குப் பேசுவார்கள். சுபிக்ஷாவுக்கு மட்டும் இல்லை என்றால் சந்தேகப்படுவாள். வேறு யாராவது பேசும்போது ஊர்ச் செய்தி காதில் விழுந்தாலும் வினைதான். அதனால் பிரேயரில் சொல்லிவிட்டேன்: இருபத்து மூன்றாம் தேதி வரை பிளஸ் டூவில் யாருக்கும் போன் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. படிக்கிற நேரம் வீணாகிறது. போன வருடமும் இப்படித்தான் சொன்னேன்.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். நூற்றுச் சொச்சம் பெண்களும் வாயே திறக்கவில்லை. என் பயம் அந்த மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

தோசை போட்டும் பாதி மிஞ்சிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் இது. தெய்வானை மாவு புளித்ததா என்று நக்கிப் பார்த்தாள். புளிக்கவில்லை.

நாலு மணிக்கு, வழக்கமாகப் போன் பேசும் நேரத்துக்கு, பெண்கள் என் அறை வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தலைவலி மாத்திரை, ஊசி நூல், ஹேர்பின் என்று ஏதாவது ஒன்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். சுபிக்ஷாவும் வந்தாள். பேனா கேட்டாள். நாலு பேனா வைத்திருக்கிற பெண். கொடுத்தேன். "தேங்க்ஸ் மேம்" என்று போய்விட்டாள்.

ஹாஸ்டலே அமைதியாக இருக்கிறது. ஒழுங்கு என்றால் இதுதான்.

மார்ச் 9, திங்கள்

கணக்கு. இரண்டு பெண்கள் கிளம்பும் முன் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து அனுப்பினேன். சுபிக்ஷா எப்படி எழுதினாள் என்று கேட்டேன். "நூறு வருங்க மேம்" என்றாள், யாருக்கோ வரப்போகிற மாதிரி.

மார்ச் 11, புதன்

காலை பதினோரு மணி இருக்கும். என் போனுக்குப் புது நம்பரிலிருந்து அழைப்பு. பூபதி. பக்கத்துக் கட்டில்காரர் போனை வாங்கிப் பேசுகிறாராம். குரல் தேய்ந்திருந்தது. பஸ்ஸின் முன்படியிலிருந்து பின்படிக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிற மனுஷன்.

"மேடம், பாப்பாகிட்ட ஒரு நிமிசம் குடுங்க. ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. வேலையில இருக்கறாப்பலயே பேசிப்புடறேன். குரலை மட்டும் கேட்டுக்கறேன்."

பக்கத்துப் படிப்பு ஹாலில்தான் அவள் இருந்தாள். ஜன்னல் வழியாகத் தலை தெரிந்தது. கூப்பிட்டால் ஐந்து எட்டில் வந்துவிடுவாள்.

நான் சொன்னேன்: "ரூல்ஸ் சார். இருபத்து மூணு வரைக்கும் யாருக்கும் போன் இல்லை. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்."

 "ஆமாங்க, நீங்க ஸ்ட்ரிக்ட்டுங்களே. மறந்துபோச்சு. தப்பா நெனைச்சுக்காதீங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மளிகை வந்தது. துவரம்பருப்பில் வண்டு. திருப்பி அனுப்பிவிட்டேன். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரிடம் சொன்னேன். மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டாவது தளத்தில் துணி காயப்போடும் கொடி அறுந்துவிட்டது, கட்டினேன். சாயங்காலமும் சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு வைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

காலையில் அந்த நம்பருக்கே கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எடுத்தார். "அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோயிட்டாங்களேம்மா" என்றார்.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். மாமன் அவரிடமும் சொல்லியிருக்கிறார். "வேதநாயகியம்மா, அந்தப் பொண்ணு மாவட்டத்துல மொதல்ல வரும். பேனருக்கு எடம்கூடப் பாத்தாச்சு. நீங்க எப்பவும் போல ஸ்ட்ரிக்ட்டா இருந்துக்குங்க." தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்?

படிப்பு ஹால் அலமாரியில் தடியாக ஒரு ஆங்கிலம்–தமிழ் அகராதி இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. இத்தனை வருடம் இந்த வார்த்தையில் சாப்பிட்டேன், ஒரு நாளாவது பார்க்கலாம் என்று எடுத்தேன். கண்டிப்பான, விதி பிறழாத, மிகச் சரியான என்று போட்டிருந்தது. கல்நெஞ்சு என்று எங்கேயும் இல்லை. முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். விதி, விதி என்கிறேனே, இந்த விதியைப் போன சனிக்கிழமை பிரேயரில் நின்றபடி நானேதான் உண்டாக்கினேன். நானே உண்டாக்கியதை மீற முடியவில்லை என்று சாகக் கிடக்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். நாளை இயற்பியல். அது முடியட்டும்.

மார்ச் 13, வெள்ளி

நாள் முழுக்க நடந்ததை எழுதவேண்டும். 

பரீட்சை முடிந்து பஸ் வந்ததும் சுபிக்ஷாவை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன். அவளே கேட்டாள்.

"எப்ப செத்தாருங்க மேம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடி?"

"எங்கப்பாதானுங்களே? போனை நிறுத்துனன்னைக்கே எங்க எல்லாத்துக்கும் தெரியும் மேம். போன வருசம் அக்காங்களுக்கும் இப்படித்தான் நிறுத்துனீங்க. நீங்க போனை நிறுத்துனா யார் வூட்லயோ எழவுன்னு ஜூனியர்ஸுக்குக்கூடத் தெரியும். யார் வூடுன்னு மட்டுந்தான் தெரியாது. ஒவ்வொருத்தியும் எங்கம்மாவா, எங்கப்பாவான்னு தூங்காம கெடக்குறாளுங்க. நாங்கதான் ஞாயித்துக்கெழமை ஒவ்வொருத்தியா வந்து உங்க மூஞ்சியப் பாத்தோமே. யாரைப் பாக்கறப்ப உங்க மூஞ்சி மாறுதுன்னு பாக்கத்தான் வந்தோம். நான் பேனா கேட்டப்ப, நீங்க எதுக்குடி இன்னொண்ணுன்னு திட்டவே இல்லீங்க மேம். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

தோசை ஏன் மிஞ்சியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருத்திக்கு மறைக்கிறேன் என்று நூற்றுச் சொச்சம் பெண்களின் வீட்டிலும் பாடை கட்டியிருக்கிறேன். ஒழுங்கு என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

"சாகலைடி! உயிரோட இருக்கார்" என்று கத்திவிட்டேன். "முந்தாநாள் எங்கிட்டப் பேசினார்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "இருக்காருங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

கரஸ்பாண்டென்டிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார். கூடாது என்ற பிறகு போனால் மீறியதாகிவிடும், கேட்காமல் போனால் மறந்ததாகும். தெய்வானையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லு, உங்க வீடுங்க நல்லா இருக்குன்னு" என்றேன். ரோட்டில் நின்று சேலம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினோம்.

ஐசியூ வாசலில் மாமன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏனுங்க மேடம், உங்களை நம்பித்தானே..." என்று ஆரம்பித்தார். பரிமளா, சுபிக்ஷாவின் அம்மா, அதற்குள் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். "எந்நேரமும் வாசலையே பாத்துட்டுக் கெடக்கறாரு சாமி" என்றாள். மாமன் உட்கார்ந்துவிட்டார். அவரும் நல்லவர்தான். நாங்கள் எல்லாருமே நல்லவர்கள்தான்.

கதவருகே நர்ஸ். என் பெண்களைவிட நான்கைந்து வயது கூட இருப்பாள். "விசிட்டர்ஸ் டைம் முடிஞ்சுதும்மா. நாளைக்குக் காலையில வாங்க. இங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

என் குரலேதான். அதே முகவாய்த் தூக்கல், அதே கண். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நின்றதில்லை நான். கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் ரொம்ப ஸ்ட்ரிக்ட்தாம்மா. அதனாலதான் இவ்வளவு லேட்டாயிடுச்சு. இதுக்கு மேல லேட் பண்ணாதே தாயீ."

அவள் என்னையும் பார்த்தாள், சீருடையோடு நிற்கிற இவளையும் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். மூக்கில் குழாய். உடம்பெல்லாம் மஞ்சள். பெண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்ததை எழுத எனக்குத் தெரியாது. ஏதோ கேட்டார். சுபிக்ஷா கேள்வித்தாளைப் பிரித்து ஒன்றாம் கேள்வியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்த மனுஷன். மின்னூட்டமும் குவியத் தூரமும் அவருக்கு என்ன புரியும்? ஒவ்வொரு விடைக்கும் தலையை அசைத்தார். நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன் என்றாள் போலிருக்கிறது. அவர் போவுது விடு என்கிற மாதிரிக் கையை ஆட்டினார். இருவரும் சிரித்தார்கள். நர்ஸ் ஐந்து நிமிடம்தான் என்று சொல்லியிருந்தாள். கேள்வித்தாள் முடியும்வரை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பெண்ணை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

மார்ச் 14, சனி

விடிகாலையில் பூபதி போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் கரஸ்பாண்டென்ட் நேரிலேயே வந்து சத்தம் போட்டார். மார்க் குறைந்தால் நானே பொறுப்பாம். இருபத்து நான்காம் தேதி ஆபீசுக்கு வந்து பார்க்க வேண்டுமாம். சரிங்க என்றேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். பெட்டியில் வைக்க அதிகம் துணிமணியும் இல்லை.

நாலு மணிக்குப் போனைத் திறந்துவிட்டேன். வரிசை மாடிப்படி வரைக்கும் போனது. மூன்று நிமிடம் என்று யாரையும் விரட்டவில்லை. "அம்மா, நீ நல்லா இருக்கியா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

கடைசிப் பெண் பேசி முடித்துப் போனதும் போன் அடித்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தானுங்க மேம்." சுபிக்ஷா. "நேத்து எல்லாம் முடிஞ்சுதுங்க. நாளைக்கு வர்றேன். செவ்வாக்கெழம கெமிஸ்ட்ரி எழுதணும். யாரும் எழுதச் சொல்லலை, நானேதான். மேம், இங்க எல்லாரும் என்னையப் பாத்துப் பாத்து அழுவறாங்க. எனக்கு அழுவையே வரமாட்டேங்குது. எங்கம்மா பயப்படுது. அங்க வந்தா நீங்களும் பாவம்னு பாக்காதீங்க மேம். எப்பவும் போலவே திட்டுங்க."

சரி என்று சொன்னேன்.  ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது.

மார்ச் 16, திங்கள்

மாமன் கொண்டுவந்து விட்டார். பெண்கள் எல்லாரும் பூனை மாதிரி நடந்தார்கள். தெய்வானை யாரும் கேட்காமலே பாயசம் வைத்துவிட்டு, இழவு வீட்டுப் பிள்ளைக்குப் பாயசமா என்று தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் சுபிக்ஷாவின் அறைக்குப் போனேன். ஈரத் துண்டு கட்டில்மேல் கிடந்தது, புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. திட்டினேன். "என்னடி இது, மாட்டுக் கொட்டாயா? கொடி கட்டிப் போட்டிருக்கேன்ல, அங்க போய்க் காயப்போட உனக்குக் கை இல்லையா? நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு ஒரு பாடமாவது எடுத்தியா?" என் குரல் மாடி முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைப் பெண்கள் ஓடிவந்து என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சுபிக்ஷா துண்டை எடுத்தாள். வாசல் வரைக்கும் போனாள். திரும்பி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா, அப்பா என்று அவள் அழ, நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். என் புடவை பூராவும் நனைந்துவிட்டது.

மாடியிலிருந்தும் கீழிருந்தும் பெண்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "என்னடி வேடிக்கை? போய்ப் படிங்கடி" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

ஒருத்தியும் போகவில்லை.